சிகாகோவை எங்கிருந்து தொடங்குவது? (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

சிகாகோவை அடுத்த நேப்பர்வில்லில் ஆறு வருடமாக இருக்கிறேன். போன கோடையில் அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். ஊரைச் சுற்றிக் காட்டினேன். விவேகானந்தர் பேசிய இடம், பெரிய தீ விபத்து, கள்ளச்சாராய தாதாக்கள். இந்த மூன்றுக்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. “இங்க முன்னாடி யாருப்பா இருந்தாங்க?” என்று அப்பா கேட்டார். பதில் தெரியவில்லை. அவர்கள் கிளம்பியபின் தடிமனான ஒரு வரலாற்றுப் புத்தகம் வாங்கினேன். நூறு பக்கத்தோடு நின்றுவிட்டது. பெயர்களும் ஆண்டுகளும் மனதில் தங்கவில்லை. எங்கே தொடங்கலாம், எதைப் படிக்கலாம் என்று சொல்ல முடியுமா?

அன்புடன்,
ஒரு வாசகர், நேப்பர்வில்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அப்பா சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். அதை நகரம் முழுவதற்கும் சேர்த்துக் கேட்டால் யாருக்கும் நூறு பக்கத்தில் மூச்சு வாங்கும். ஒரே ஒரு தெருவில் நின்று கேட்டுப் பாருங்கள்.

எந்தத் தெரு என்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரில் மெட்ரா ரயில் ஏறினால் யூனியன் ஸ்டேஷனில் இறங்குவீர்கள். அங்கிருந்து தெற்கே இருபது நிமிட நடையில் டிகோவன் தெரு. சின்னத் தெருதான். 1871 அக்டோபர் 8 இரவு தீ கிளம்பியது இங்கே, ஓலியரி குடும்பத்தின் மாட்டுக் கொட்டகைப் பக்கம். சுமார் 300 பேர் இறந்தார்கள், ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். அந்த இடத்தில் இப்போது தீயணைப்புப் படையின் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. மாடு விளக்கை உதைத்துத் தீப்பிடித்தது என்ற கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. அயர்லாந்திலிருந்து வந்த ஏழைக் கத்தோலிக்கக் குடும்பம், அதனால் பழி சுலபமாக ஒட்டிக்கொண்டது. கேத்தரின் ஓலியரி சாகும்வரை அதைச் சுமந்தார். அவர்மேல் குற்றமில்லை என்று நகர மன்றம் தீர்மானம் போட்டது 1997-இல். எனக்கு அந்தப் பெண்மணியை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

பழைய ஆவணங்களில் அந்த வீட்டின் எண் 137. இன்று அங்கே போய் 137-ஐத் தேடினால் கிடைக்காது. பயிற்சிப் பள்ளியின் எண் 558. காரணம், 1909-இல் சிகாகோ தன் வீட்டு எண்களை மாற்றியது. ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் வெட்டிக்கொள்ளும் முனையைப் பூஜ்யமாக வைத்து, பெரும்பாலும் மைலுக்கு 800 எண் என்று நான்கு திசையிலும் எண்ணிக்கொண்டு போனார்கள். நகரின் நடுப்பகுதிக்கு மட்டும் 1911-இல் மாறியது. இது தெரியாமல் பழைய நாளிதழ் முகவரியை வைத்துக்கொண்டு நான் ஒரு மதியம் முழுக்கத் தவறான தெருமுனையில் நின்றிருக்கிறேன். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் தரும் அந்தக் காலப் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் அதை இறக்கிக்கொள்ளுங்கள்.

தீயில் போனவற்றில் காகிதங்களும் உண்டு. நீதிமன்றக் கட்டடத்தோடு கவுண்டி (மாவட்ட) ஆவணங்கள் எரிந்தன. 1856-இல் தொடங்கிய சிகாகோ வரலாற்றுச் சங்கத்தின் சேகரிப்பும் எரிந்தது. லிங்கன் கைப்பட எழுதிய அடிமை விடுதலைப் பிரகடனம் அதில்தான் இருந்தது. ஆகவே 1871-க்கு முந்தைய சிகாகோவைப் பற்றி எதைப் படித்தாலும், ‘இவருக்கு இது எப்படித் தெரியும்?’ என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். அப்பாவின் கேள்விக்கான பதில் அந்தக் காலத்தில்தான் இருக்கிறது. போட்டவாடமி என்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்த நிலம் அது. 1833 ஒப்பந்தத்தில் அதை இழந்து மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே போனார்கள். 1780-களில் சிகாகோ ஆறு மிச்சிகன் ஏரியில் சேரும் இடத்தில் வீடு கட்டி வணிகம் செய்த டு சாபிள் ஒரு கறுப்பர், மனைவி போட்டவாடமிப் பெண். ஏரிக்கரைச் சாலைக்கு அவர் பெயரை வைத்தது 2021-இல்.

டிகோவனிலிருந்து கொஞ்சம் வடமேற்கே நடந்தால் ஹால்ஸ்டெட் தெருவில் ஹல் ஹவுஸ். ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் 1889-இல் குடியேறி, அக்கம்பக்கத்துத் தொழிலாளர் குடும்பங்களோடு வாழ்ந்து வேலை செய்த வீடு. இப்போது அருங்காட்சியகம். அங்கே வசித்தவர்கள் 1895-இல் வெளியிட்ட வரைபடங்களை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். அவர்களில் ஒருவரான புளோரன்ஸ் கெல்லியும் உடனிருந்தவர்களும் 1893-இல் வீடு வீடாகப் போய்க் கேட்ட விவரம் அது. ஒரு வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டிலும் எந்த நாட்டார் என்பதற்கு ஒரு நிறம். அந்தச் சின்னப் பகுதியில் 18 நாட்டார். இன்னொன்றில் குடும்பத்தின் வாரக் கூலிக்கு நிறம். வாரம் ஐந்து டாலரும் அதற்குக் குறைவும் என்றால் கறுப்பு. கணினித் திரையில் பெரிதாக்கி, டிகோவன் தெருவைத் தேடிப் பிடியுங்கள். அதுவும் அதற்குள்தான் இருக்கிறது. நான் முதன்முதலில் பார்த்தபோது ஒரு மணி நேரம் அசையவில்லை. முன்வீட்டில் ஒரு நிறம், அதே மனையின் பின்கட்டில் வேறு நிறம். எந்தப் புத்தகமும் எனக்கு அப்படி ஒரு தெருவைக் காட்டியதில்லை.

அந்த வீடுகளைத் தேடிப் போகாதீர்கள். 1960-களில் பல்கலைக்கழக வளாகம் கட்ட அந்தக் குடியிருப்பில் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். புளோரன்ஸ் ஸ்காலா என்ற அந்தப் பகுதிப் பெண் முன்னின்று போராடியும் தடுக்க முடியவில்லை. ஹல் ஹவுஸின் பத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களில் இரண்டுதான் மிச்சம். இடிபட்ட தெருக்களைப் பார்க்க சான்பார்ன் வரைபடங்கள் இருக்கின்றன. தீக் காப்பீட்டு நிறுவனங்களுக்காக வரைந்தவை. செங்கல் கட்டடம் இளஞ்சிவப்பு, மரக் கட்டடம் மஞ்சள், எத்தனை மாடி என்பது வரை இருக்கும். பலவற்றை லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

இன்னொரு நாள் யூனியன் ஸ்டேஷனிலிருந்து வடக்கே நடங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஹேமார்க்கெட். எட்டு மணி நேர வேலை கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது, 1886 மே 4 இரவு குண்டு வெடித்த இடம். யார் எறிந்தது என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. ஆனால் நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். நம் சிங்காரவேலர் 1923-இல் சென்னைக் கடற்கரையில் கொண்டாடிய மே தினத்தின் வேர் இந்தத் தெருவில் இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் அடுத்த முறை வரும்போது இங்கே அழைத்துப் போங்கள். வழக்கின் சாட்சியங்களை சிகாகோ வரலாற்று அருங்காட்சியகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. தீர்ப்பைப் பற்றிப் பிறர் எழுதியதைப் படிக்கும் முன், இரண்டு சாட்சிகள் பேசியதையாவது நேரடியாகப் படியுங்கள்.

ஹால்ஸ்டெட் தெரு நீளமானது. அதிலேயே தெற்கே 95-ஆம் தெருப் பக்கம் போனால் உட்சன் நூலகம், அதற்குள் விவியன் ஹார்ஷ் சேகரிப்பு. சிகாகோ பொது நூலகத்தில் கிளைத் தலைவரான முதல் கறுப்பினப் பெண் அவர். 1932-இலிருந்து கறுப்பர்களின் வரலாற்றை விடாமல் சேர்த்தார். அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து ரயிலேறி வந்த லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்களையும், 38 பேர் இறந்த 1919 இனக் கலவரத்தையும் விட்டுவிட்டு யாராவது சிகாகோ வரலாறு சொன்னால், அது பாதி ஊரின் வரலாறுதான்.

படிக்க என்றால், சிகாகோ கலைக்களஞ்சியம் இணையத்தில் முழுதாக, இலவசமாக இருக்கிறது. அதை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். நடந்துவிட்டு வந்த இடத்தின் கட்டுரையை மட்டும் அன்றிரவு படியுங்கள். நகரின் 77 பகுதிகளுக்கும் தனித்தனிக் கட்டுரை உண்டு. கேள்விகள் சேர்ந்தபின் நியூபெரி நூலகம் போகலாம். யாருக்கும் இலவசம். ஊர் ஏன் இவ்வளவு வேகமாக வளர்ந்தது என்ற கேள்வி வரும்போது வில்லியம் குரோனனின் ‘நேச்சர்ஸ் மெட்ரோபோலிஸ்’ எடுங்கள். கோதுமை, மரம், இறைச்சி மூன்றையும் வைத்து ஊரை விளக்கிய புத்தகம். பாதியில் விட்ட தடிப் புத்தகமும் அப்போது ஓடும்.

கலைக்களஞ்சியத்தில் நேப்பர்வில்லுக்கும் கட்டுரை இருக்கிறது. உங்கள் ஊரில் குடியேற்றம் தொடங்கியது 1831-இல், சிகாகோ ஒரு டவுனாக ஆவதற்கு இரண்டு வருடம் முன்பே. சனிக்கிழமை டிகோவன் தெருவுக்குப் போவதற்குள் அதை வாசித்துவிடுங்கள். போய்வந்து எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்.