பேத்தி மடியில் உட்காரட்டும்

கேள்வி: பெரம்பூரில் வசிக்கிறோம். 64 வயதான என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. சிறுநீர்ப் பரிசோதனையில் ‘தொற்று’ என்று வந்தது. ‘தொற்று என்றால் தொற்றத்தானே செய்யும்’ என்று தனித் தட்டு, தனிப் பாய் என ஒதுங்கிவிட்டார். 4 வயதுப் பேத்தியைக் கிட்டவே விடுவதில்லை. இணையத்திலும் பயமுறுத்துகிறார்கள். தம்பி சாப்பிட்டு மீந்த மாத்திரை இரண்டு கொடுத்தோம், எரிச்சல் குறைந்தது. சிறுநீர் நாற்றம், தூக்கமின்மை, முடி கொட்டுதலும் உண்டு. நேற்று இரவு உடம்பு தூக்கிப் போட்டது. போர்வை போர்த்தியதும் சரியாகிவிட்டது.

பதில்: ஒட்டாது. பேத்திக்கும் ஒட்டாது, உங்களுக்கும் ஒட்டாது. தட்டையும் பாயையும் பழைய இடத்திலேயே வையுங்கள்.

அம்மாவின் கேள்வி நியாயமானது. குழப்பம் அந்தச் சொல்லில் இருக்கிறது. தொற்றுதல் என்றால் பற்றிக்கொள்ளுதல். ஓடும் பஸ்ஸில் தொற்றிக்கொள்கிறோம். குழந்தை இடுப்பில் தொற்றிக்கொள்கிறது. கிருமி உடம்புக்குள் பற்றினாலும் தொற்று என்கிறோம், ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் பரவினாலும் தொற்று என்கிறோம். ஆங்கிலத்தில் இவை இரண்டு சொற்கள். ‘இன்ஃபெக்‌ஷன்’, தோய்த்துக் கறைப்படுத்துவதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. ‘கன்டேஜன்’ என்பதன் வேர், சேர்ந்து தொடுதல். அம்மாவின் பரிசோதனைச் சீட்டில் இருந்தது முதலாவது. அவர் அஞ்சியது இரண்டாவதற்கு. அந்த இரண்டாவதற்கு நம்மிடம் ‘ஒட்டுவாரொட்டி’ என்ற அருமையான சொல் இருந்தது. அதைக் கைவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. நம் ஊர்ப் பெயரைச் சுமக்கும் மெட்ராஸ் ஐ ஓர் ஒட்டுவாரொட்டி. அதற்குத் துண்டைத் தனியே வைக்கத்தான் வேண்டும். சிறுநீர்த் தொற்று அப்படிப்பட்டதல்ல. பெரும்பாலும் அவரவர் குடலில் வாழும் இ.கோலி கிருமிதான் இடம் மாறிப்போய்த் தொல்லை தருகிறது.

உண்மையிலேயே பரவும் காசநோய்க்குக்கூடத் தட்டைப் பிரிக்கத் தேவையில்லை; அது காற்றில் பரவுவது. நோயாளியை வீட்டைவிட்டு அனுப்பத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு நம் சென்னை சேத்துப்பட்டிலேயே விடை கிடைத்தது. அங்கே 1956-ல் தொடங்கிய ஆய்வு, சிலருக்கு வீட்டிலும் சிலருக்குச் சானட்டோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் மருந்து கொடுத்து ஒப்பிட்டது. நெருக்கடியான சிறு வீடுகளில் நோயாளியோடு இருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. 1959-ல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய் சிகிச்சையை மாற்றியது.

இனி, முடி கொட்டுவதற்கும் பின்னால் நீங்கள் எழுதிய அந்தக் கடைசி வரி. அதுதான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் அழைத்து அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போகச் சொன்னேன்; மற்ற வீடுகளுக்காக இங்கே எழுதுகிறேன். சிறுநீர்த் தொற்று உள்ளவருக்குப் பல் கிட்டி, கட்டில் ஆடும்படி குளிர் நடுக்கம் வந்தால், கிருமி சிறுநீரகத்துக்கோ ரத்தத்துக்கோ ஏறியிருக்கலாம். போர்வையால் நடுக்கம் நிற்பதில்லை. காய்ச்சல் ஏறி முடிந்ததும் அது தானாக அடங்கும். அடங்கியதை நலமென்று நினைத்துத் தூங்கப் போய்விடுகிறார்கள். சர்க்கரை நோய் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். வயதானவர்களுக்குச் சில நேரம் காய்ச்சலே தெரியாது. பேத்தியின் பெயரை மாற்றிச் சொல்வார்கள், பகலெல்லாம் மயங்கிக் கிடப்பார்கள். விலாவின் பின்புறம் வலி, வாந்தி, சிறுநீர் வெகுவாகக் குறைதல் ஆகியவையும் ஆபத்தின் அறிகுறிகளே. இவற்றில் எது வந்தாலும், எந்நேரமானாலும் 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

தம்பியின் மாத்திரையைப் பற்றி நான் கோபமாகத்தான் எழுதுகிறேன். இரண்டு மாத்திரை எரிச்சலை அடக்கும், கிருமியை ஒழிக்காது. தப்பிய கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாக இருக்கலாம். அதற்குப் பிறகு, சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் அது வளராமலும் போகலாம். எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமல் மருத்துவர்கள் நாங்கள் விழிப்போம். பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுத்த பிறகுதான் முதல் மாத்திரை. மருத்துவர் சொன்ன நாள்வரை முழுவதும் சாப்பிட வேண்டும்.

நாற்றம் தண்ணீர் குறைவாகக் குடிப்பதாலும் வரும், அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். தூக்கத்தையும் முடியையும் பிறகு பார்க்கலாம். வாழைத்தண்டுச் சாறு பிடித்தால் குடிக்கட்டும், மருந்துக்குப் பதிலாக அல்ல.

மீந்த அந்த மாத்திரை அட்டையை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மருத்துவமனையில் காட்டி, எந்த நாள், எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள்.