கச்சான் முதுகில் அடிக்கட்டும்

கேள்வி: மகன் கிளாஸ்கோவில் இருக்கிறான். வரும் மே மாதம் போகும்போது ஸ்காட்லாந்து தீவுகளில் சைக்கிள் ஓட்ட ஆசை. தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை மிதித்த பழக்கம் உண்டு, போதுமா?
- வாசகர், தங்கச்சிமடம்

பதில்: தாராளமாகப் போதும். அரிச்சல்முனை ரோட்டில் எதிர்காற்றில் மிதித்தவருக்குப் பாதிப் பாடம் முடிந்தது. ஸ்காட்லாந்துக்கு மேற்கே கடலில் இருக்கிற வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளுக்குப் போங்கள். தெற்கே வாட்டர்சே தீவில் தொடங்கி லூயிஸ் தீவின் வடமுனை வரை சுமார் 297 கிலோமீட்டர், பத்துத் தீவுகள், நடுவே இரண்டே இடத்தில்தான் படகு, மற்றதெல்லாம் கடலுக்கு நடுவே கல் கொட்டிப் போட்ட ரோடும் பாலமும், பாம்பன் பாலத்தில் போகிற மாதிரியே இருக்கும். அங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று, நம் கச்சான் மாதிரி. அதனால் தெற்கிலிருந்து வடக்கே போங்கள், காற்று முதுகைத் தள்ளும். திருப்பிப் போட்டீர்களோ, ஹாரிஸ் தீவின் மேட்டில் என்னைத் திட்டுவீர்கள்.

ஓபன் என்ற துறைமுக ஊரிலிருந்து, வாட்டர்சேயை ஒட்டிய பாரா தீவுக்குக் கப்பலில் ஐந்து மணி நேரம் போல ஆகும். சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கிளாஸ்கோவிலிருந்து ஓபன் போகும் ரயிலில் சைக்கிளுக்கு முன்பதிவு செய்துவிடுங்கள்.

சரி, மே நல்ல மாதம்தானா? ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும், கடித்துப் பிடுங்கும் மிட்ஜ் பூச்சியும் அதிகம் கிளம்பியிருக்காது. குளிர் மட்டும் உங்களுக்கு மார்கழியைவிட மோசமாகத் தெரியும், மழைக்கோட்டும் கையுறையும் கட்டாயம். அப்புறம், லூயிஸிலும் ஹாரிஸிலும் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறக்காது, சனிக்கிழமையே ரொட்டி வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.