கண்ணுக்கே தெரியாத, ஈர்ப்பு விசையால மட்டும் தெரியவர்ற டார்க் மேட்டர்ங்கற பொருளை வச்சு ஒரு தியரி ஆளு வாழ்க்கை முழுக்க என்னதான் ஆராய்ச்சி பண்ணுவார்?

நல்ல கேள்வி, டெலஸ்கோப் பக்கமே போகாம பேப்பர் பேனாவோட என்ன கண்டுபிடிக்க முடியும்னு நிறைய பேருக்கு தோணும். தியரி விஞ்ஞானி ஜிம் பீபிள்ஸ் கதைய பாருங்க, புரியும்.

கனடாவுல வின்னிபெக் பக்கம் 1935ல பிறந்தவர், 1962ல பிரின்ஸ்டன்ல ராபர்ட் டிக்கி கிட்ட பிஎச்டி முடிச்சார். அப்போ காஸ்மாலஜில, அதாவது மொத்த பிரபஞ்சத்தையும் ஆராயற துறைல, டேட்டாவே ரொம்ப கம்மி, அதுல இறங்க தனி தைரியம் வேணும். 1965ல பிக் பேங்கோட மிச்ச வெப்பம் வானம் முழுக்க இருக்கணும்னு இவங்க டீம் கணக்கு போட்டு தேடிட்டு இருக்கும்போதே பென்சியாஸ், வில்சன்னு வேற ரெண்டு விஞ்ஞானிங்க தற்செயலா அத பிடிச்சிட்டாங்க.

எனக்கு ரொம்ப பிடிச்சது 1973ல ஆஸ்ட்ரைக்கர்ங்கற இன்னொரு விஞ்ஞானியோட சேந்து பண்ண வேலை. கம்ப்யூட்டர்ல சில நூறு புள்ளிய நட்சத்திரமா நெனச்சு தட்டு மாதிரி சுத்த விட்டாங்க, அந்த தட்டு நிலைக்கவே இல்ல, நடுவுல நீளமா பட்டை மாதிரி உருமாறிடுச்சு. சுத்தி உருண்டையா கண்ணுக்குத் தெரியாத நிறைய நிறை இருந்தா மட்டும்தான் தட்டு தட்டாவே நின்னுச்சு. அப்போ நம்ம பால்வெளியையும் ஏதோ ஒண்ணு அப்படி தாங்கிட்டு இருக்கணும்ல?

அடுத்து 1982ல கோல்டு டார்க் மேட்டர். அந்த மிச்ச வெப்பம் எல்லா திசையிலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கு, சாதாரண பொருள் மட்டும் இருந்திருந்தா இவ்ளோ சீக்கிரம் கேலக்ஸி திரண்டிருக்காது, அதனால ஒளியோட ஒட்டாத, மெதுவா நகர்ற துகள் இருக்கணும்னு சொன்னார். 1992ல நாசாவோட கோபி (COBE) சாட்டிலைட் அந்த வெப்பத்துல லட்சத்துல ஒரு பங்கு அளவு ஏற்ற இறக்கத்தை அளந்துச்சு, அந்த ஐடியாவுக்கு பெரிய பலம். 2019ல நோபல் பரிசுல பாதி இவருக்கு, வயசு 84. அந்த துகள் என்னன்னு இன்னும் யாரும் பிடிக்கல, தேடல் நடந்துட்டேதான் இருக்கு.