சொந்த ஊரிலிருந்து வேலை பார்க்கிறேன், தனிமை தாங்கவில்லை. நாலு பேரோடு பகிர்ந்துகொள்ளும் வேலையிடத்துக்குப் போனால் சரியாகுமா, பணம்தான் வீணா?

"வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம், ஆனாலும் தனியாக இருப்பதுபோல் இருக்கிறது" என்று கேள்வியின் கீழே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். நீங்களும் 2020-இல் ஊர் திரும்பி அப்படியே தங்கிவிட்டவர் என்று நினைத்துக்கொள்கிறேன். நான் அப்படித்தான்.

எனக்கு ஊர் தங்கச்சிமடம். பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில். அப்பா நாட்டுப்படகில் தொழில் செய்கிறார். நான் சென்னை நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் சோதனை வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர்கள் ஐரோப்பாவில் இருப்பதால் மதியம் ஒரு மணிக்குத் தொடங்கி இரவு பத்து வரை வேலை. ஊருக்கு வந்த முதல் ஆறு மாதம் சந்தோஷமாகத்தான் போனது. அம்மா கை மீன்குழம்பு, வாடகை மிச்சம், சாயங்காலக் காற்று. அப்புறம் மெல்ல மெல்ல ஏதோ குறைந்தது. தினசரி காணொலிக் கூட்டம் முடிந்து எல்லாரும் வெளியேறிய பிறகும் நான் மட்டும் அழைப்பைத் துண்டிக்காமல் உட்கார்ந்திருப்பேன். "இந்த அழைப்பில் நீங்கள் மட்டுமே இருக்கிறீர்கள்" என்று திரை சொல்லும். அதற்குப் பிறகுதான் மூடுவேன்.

ஒரு நாள் இரவு ஒன்பதரைக்கு ஒரு பெரிய தவறைக் கண்டுபிடித்தேன். அது அப்படியே வெளியே போயிருந்தால் வாடிக்கையாளர்களின் கணக்கில் இரண்டு முறை பணம் எடுத்திருக்கும். குழுவில் எழுதினேன். இரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள். சந்தோஷத்தில் யாரிடமாவது சொல்லவேண்டும் என்று திரும்பினால், அம்மா தொலைக்காட்சி முன்னால் தூங்கிவிட்டார். அப்பா விடியற்காலை நாலு மணிக்குக் கடலுக்குப் போகிறவர், எட்டு மணிக்கே படுத்திருந்தார். மறுநாள் கரைக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "அது நல்ல காரியமாப்பா?" என்றார். "ஆமாப்பா" என்றேன். அவ்வளவுதான். அவரைக் குறை சொல்லவில்லை. அவர் கேட்ட அந்த ஒரு கேள்வி எனக்குப் பெரிசு. ஆனால் என் தனிமை எது என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. சுற்றிலும் ஆள் இருந்தார்கள். நான் வேலை செய்யும்போது பக்கத்தில் வேலை செய்கிற ஆள்தான் இல்லை.

இந்த இடத்தில் சிலர் சொல்வார்கள், எனக்குத் தெரியும்: "அப்பன் கடலில் உயிரைப் பணயம் வைக்கிறான், நீ மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு தனிமை என்கிறாயா?" சொந்தத்திலேயே ஒருவர் என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு என் பதில் இதுதான். உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-இல் அறிக்கை வெளியிட்டது. அதிலேயே, பணக்கார நாடுகளில் சுமார் 11 சதவீதம், ஏழை நாடுகளில் சுமார் 24 சதவீதம் என்றும் இருக்கிறது. இது வசதி கூடி வருகிற நோய் இல்லை.

வேலை ஒழுங்காக நடப்பதாலேயே பிரச்சினை இல்லை என்றும் நினைக்கவேண்டாம். சீனாவில் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் அழைப்பு மையத்தில் 2010-இல் தொடங்கி ஒன்பது மாதம் ஒரு சோதனை நடத்தினார்கள். வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள் முடித்த வேலையின் அளவு 13 சதவீதம் கூடியது. ஆனால் சோதனை முடிந்து "இனி உங்கள் விருப்பம்" என்று விட்டபோது அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அலுவலகத்துக்கே திரும்பிவிட்டார்கள். அவர்கள் சொன்ன பெரிய காரணம் தனிமை. இதைப் படித்தபோது எனக்கு அழுகையே வந்தது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பகிர்ந்துகொள்ளும் வேலையிடம் உதவுமா? எனக்கு ஒன்று உதவவில்லை, இன்னொன்று காப்பாற்றியது.

முதலில் மதுரைக்குப் போனேன். அத்தை வீட்டில் தங்கிக்கொண்டு, மாதம் 6,500 ரூபாய் கட்டி ஒரு நல்ல இடத்தில் சேர்ந்தேன். கண்ணாடி அறை, காபி இயந்திரம், சாய்வு நாற்காலி எல்லாம் இருந்தன. நாற்பது பேர் உட்காருவார்கள், நாற்பது பேர் காதிலும் ஹெட்போன். இரண்டு வாரம் ஒரே மேசையில் இருந்தவர் பெயர் எனக்குத் தெரியாது. நான் மூன்று நாள் காய்ச்சலில் போகவில்லை, யாரும் கேட்கவில்லை. மாதம் முடிந்ததும் ஊருக்கு வந்துவிட்டேன். சிலருக்கு அந்த அமைதிதான் தேவை, அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

திரும்பி வந்தவனைப் பார்த்து அப்பா வேறொன்றும் கேட்கவில்லை. கரையில் கொட்டகைக்கடியில் வலை பின்னிக்கொண்டே, "வீட்டுல வச்சுப் பின்னுனா கை ஓடாதுயா" என்றார். அப்போதுதான் கவனித்தேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் நிழல் உண்டு, ஆனாலும் அவர் அந்தப் பாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்குத்தான் போவார். அங்கே ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அவரவர் மடியில் அவரவர் வலை. ஒருவர் ஊசியில் நூல் தீர்ந்தால் பக்கத்தில் இருப்பவர் நூல்கண்டை நீட்டுவார். அரைமணி நேரம் பேச்சே இல்லாமலும் போகும்.

2022-இல் சித்தப்பா முறை உள்ள ஒருவரின் படகு இன்ஜின் உதிரிபாகக் கடைக்கு மேலே ஒரு அறை காலியானது. வாடகை 6,000. அதை எடுத்தேன். முதலில் நானும், வளைகுடா நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கெழுதும் மண்டபத்து அண்ணன் ஒருவரும்தான். இரண்டு மாதம் வேறு யாரும் வரவில்லை. விட்டுவிடலாமா என்று இருந்தபோது ஒன்று படித்தேன். இன்றைய பாணியில் இப்படி ஒரு இடத்தை 2005-இல் சான்பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் என்பவர் தொடங்கியிருக்கிறார். அவருக்கும் முதல் மாதம் ஒருவரும் வரவில்லையாம். சரி, பொறுப்போம் என்று இருந்தோம்.

மூன்றாவதாக மெடிக்கல் கோடிங் (மருத்துவக் குறிப்புகளைக் குறியீடுகளாக மாற்றும் வேலை) செய்கிற தங்கச்சி ஒருவர் அக்காள்மடத்திலிருந்து வந்தார். முதல் மூன்று நாள் அவருடைய அம்மாவும் கூட வந்து, கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலாம் நாள், "தம்பி, ஆறு மணிக்கு பஸ் ஏத்திவிட்ருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மா செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பெண்கள் வரவேண்டும் என்றால் வீட்டார் வந்து பார்க்க முடிகிற இடமாக இருக்கவேண்டும். அவர் வந்த பிறகு சிஏ படிக்கும் பையன் ஒருவன் சேர்ந்தான். தலைக்கு 1,500, இணையக் கட்டணம் தனி. மின்சாரம் போனால் வேலை நிற்கும் என்பதால் பணம் போட்டு இன்வெர்ட்டர் வாங்கினோம். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றுகிற நாட்களில் அது இல்லாமல் முடியாது.

என்ன மாறியது என்று கேட்டால் சின்னச் சின்ன விஷயங்கள்தான். சைக்கிளில் பத்து நிமிடம் போய் வருவதால் நாளுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் வந்தது. நாலரைக்கு டீ. "அண்ணே, இந்த மெயில் கோபமா எழுதுன மாதிரி இருக்கா, படிச்சுப் பாருங்க" என்று தங்கச்சி கேட்பார். என் வேலை புரியாதவர்களிடம் அதைச் சொல்லவேண்டி இருப்பதால் எனக்கே தெளிவாகிறது. ஒரே நிறுவனம் இல்லை, அதனால் பதவி உயர்வுப் போட்டியும் இல்லை. வராத நாளில் காலையிலேயே சொல்லிவிடவேண்டும், எங்களுக்குள் இருக்கும் ஒரே கட்டாயம் அதுதான். சொல்லாவிட்டால் போன் வரும். அந்த போனுக்காகத்தான் நான் 1,500 கொடுக்கிறேன் என்றுகூடச் சொல்வேன்.

இதையும் சொல்லியாகவேண்டும். என் மடிக்கணினி பழுதானபோது நிறுவனம் மாற்று அனுப்பியது. கூரியர்காரர்கள் மூன்று முறை "முகவரி எட்ட முடியாத இடம்" என்று திருப்பிவிட்டார்கள். கடைசியில் விடுப்பெடுத்து ராமநாதபுரம் போய் வாங்கி வந்தேன். 1988-இலேயே சாலைப் பாலம் வந்துவிட்டது. தினமும் எத்தனையோ வண்டி யாத்திரை வந்து போகிற தீவுக்கு ஒரு பெட்டியைக் கொண்டுவர முடியாது என்பதை நான் ஏற்கவே மாட்டேன். இங்கிருந்து வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதையே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சென்னை கொளத்தூரில் 2024-இல் அரசே முதல்வர் படைப்பகம் என்று இப்படி ஒரு இடம் திறந்தது. தொண்டி, கீழக்கரை, மண்டபம் பக்கமும் ஒன்று வரவேண்டும்.

தூக்கமே வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்ற அளவுக்கு இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு அறை மருந்தாகாது. அந்த அளவு இல்லையென்றால், பெரிய இடத்துக்குப் பணம் கட்டும் முன் உங்கள் ஊரிலேயே உங்களைப் போல வேலை பார்க்கிற ஒரே ஒரு ஆளைத் தேடிப் பாருங்கள். நிச்சயம் இருப்பார். நான் மண்டபத்து அண்ணனைப் பிடித்தது செல்போன் கடையில், இருவரும் ஒரே நேரத்தில் இணைய வேகத்தைப் பற்றிக் கேட்டபோது.

  கடலுக்குப் போகாத நாட்களில் அப்பாவும் சில சமயம் டீ நேரத்துக்கு மாடியேறி வருவார். திரையைப் பார்க்கமாட்டார், நாற்காலிகளைத்தான் பார்ப்பார். மற்ற நாட்களில் கரையிலிருந்து வந்ததும் என்னிடம், "நேத்து எல்லாரும் வந்தாகளா?" என்று கேட்பார். கொட்டகைக்குப் போனதும் அவர் முதலில் கேட்பதும் அதுதான்.