கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்: கேள்விகளும் பல் மருத்துவரின் பதில்களும்

கேள்வி: என் மகளுக்கு ஆறரை வயது. பாற்பல் எதுவும் விழாமலேயே கீழ்த்தாடையின் பின்பக்கம் இருபுறமும் பெரிய பல் ஒன்று முளைத்திருக்கிறது. ஒன்றில் கறுப்புக் கோடு தெரிகிறது. எப்படியும் விழப்போகிற பல்தானே என்கிறார் மாமியார். விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள், அம்மா. அது வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய நிலைப்பல். கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழுந்து இடம் விடாமலேயே ஆறு, ஏழு வயதில் முளைத்துவிடுவதால், படித்த பெற்றோர்கூட இதைப் பாற்பல் என்று எண்ணிவிடுகிறார்கள். இந்த எண்ணம் ஒன்றினாலேயே இழக்கப்படும் பற்களைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

இதன் மேற்பரப்பில் கன்னப் பக்கம் மூன்று, நாக்குப் பக்கம் இரண்டு என ஐந்து முகடுகள் உண்டு. அவற்றுக்கிடையே ஓடும் பள்ளங்களில் சில, பிரஷ்ஷின் நார்கூட நுழைய முடியாத அளவுக்குக் குறுகலானவை. கன்னப் பக்கச் சுவரிலும் ஒரு சிறு குழி இருக்கும். சொத்தை அங்கிருந்தும் தொடங்கும். நீங்கள் பார்த்த கோடு வெறும் கறையா, சொத்தையா என்பதைப் பல்லை உலர்த்தி நல்ல வெளிச்சத்தில் பார்த்தால்தான் சொல்ல முடியும். சொத்தை இல்லையென்றால் பள்ளங்களைச் சீலண்ட் என்னும் மெல்லிய பூச்சு கொண்டு மூடிவிடலாம். அதற்கு ஊசி தேவையில்லை, வலியும் இராது. பாதி முளைத்த பல் மற்றப் பற்களைவிடத் தாழ்வாக இருப்பதால், வழக்கம்போல் தேய்க்கும்போது பிரஷ் அதன் மேல் படாமலே போய்விடும். ஆகவே கன்னத்தைச் சற்று விலக்கி, பிரஷ்ஷைக் குறுக்காக வைத்து நீங்களே தேய்த்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன் கீழ்க் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை செய்துகொண்டேன். இப்போது கடித்தால் வலிக்கிறது. ஒரு கால்வாய் விடுபட்டிருக்கிறது என்கிறார் புதிய மருத்துவர். பல்லுக்குள் எத்தனை கால்வாய்கள்தான் இருக்கின்றன?

பதில்: பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு. பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய மென்மையான பகுதிதான் பற்கூழ்; அது வேருக்குள் இறங்கும் குறுகிய வழிகளையே கால்வாய்கள் என்கிறோம். இந்தப் பல்லுக்கு முன்வேர், பின்வேர் என இரண்டு வேர்கள் உண்டு. முன்வேரில் பெரும்பாலும் இரண்டு கால்வாய்கள் இருக்கும். அவற்றை இணைக்கும் மெல்லிய இடுக்கிலும் கிருமிகள் தங்கும் என்பதால், கருவியால் சுரண்டுவது மட்டும் போதாது, சோடியம் ஹைப்போகுளோரைட் என்னும் கிருமிநாசினிக் கரைசலால் நன்றாகக் கழுவவும் வேண்டும். பின்வேரில் ஒரு கால்வாய்தான் இருக்கும் என்று எண்ணி நிறுத்திவிடுவது தவறு. ஏறக்குறைய மூன்றில் ஒரு பல்லில் அங்கேயும் இரண்டு இருக்கும். அரிதாக, முன்வேரின் இரண்டு கால்வாய்களுக்கு நடுவிலும் ஒன்று ஒளிந்திருக்கும்.

இவை தவிர, நாக்குப் பக்கம் தனியாக வளைந்து இறங்கும் மூன்றாவது வேர் சிலருக்கு உண்டு. வியன்னாவின் பல் மருத்துவர் கராபெல்லி இதைப் பற்றி எழுதியது 1844லேயே நூலாக வெளிவந்திருக்கிறது. கிழக்காசிய மக்களிடம் இது அதிகம், இந்தியர்களிடமும் காணப்படுவதே. நேராக எடுக்கும் எக்ஸ்ரேயில் இந்த வேர் பின்வேரின் நிழலுக்குள் மறைந்துவிடும் என்பதால், குழாயைச் சற்றுச் சாய்த்து இன்னொரு படம் எடுக்க வேண்டும். அதிலும் ஐயம் தீராவிட்டால் முப்பரிமாண ஸ்கேன் உதவும்.

பல்லைத் திறந்து பார்க்கும்போது, பற்கூழ் அறையின் தரை சுவர்களைவிடக் கருமையாகத் தெரியும். அதில் ஓடும் கருங்கோடுகள் ஒரு கால்வாய் வாயிலிலிருந்து மற்றொன்றுக்கு வழிகாட்டும். பின்வேரின் வாயில் நட்டநடுவில் இல்லாமல் கன்னப் பக்கம் ஒதுங்கியிருந்தால், நாக்குப் பக்கம் அதற்கு ஒரு துணை இருக்கக்கூடும் என்று தேடுவோம். உங்கள் முந்தைய மருத்துவர் கவனமில்லாதவர் என்று இதிலிருந்து முடிவு கட்ட வேண்டாம். கைதேர்ந்தவர்களுக்கும் இந்தப் பல் கடினமானதே. பல்லில் விரிசல் இல்லை என்றும் எலும்பு உறுதியாக இருக்கிறது என்றும் தெரிந்தால், பல்லை எடுப்பதற்கு முன் மறு வேர் சிகிச்சையை முயல்வதே நல்லது.

கேள்வி: இரண்டு முறை ஊசி போட்டும், உதடு மரத்துப்போன பிறகும், துளையிட்டபோது உயிர் போகிற வலி. எனக்கு மட்டும் ஏன் இப்படி?

பதில்: உங்களுக்கு மட்டும் அல்ல. கீழ்த்தாடையின் பின்பகுதியில் வெளிப்புற எலும்பு தடித்து இறுகியிருப்பதால், மேல்தாடையில் செய்வதுபோலப் பல்லின் அருகே மட்டும் ஊசி போட்டால் பெரும்பாலும் போதுவதில்லை. நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்திலேயே, தாடையின் உட்புறத்தில் மருந்து செலுத்த வேண்டியிருக்கிறது. பற்கூழ் கடுமையாக அழன்றிருக்கும்போது, உதடு மரத்தாலும் பல் மரக்காமல் போவது உண்டு. அப்போது கன்னப் பக்கம் ஆர்டிகெய்ன் என்னும் மரப்பு மருந்தைக் கூடுதலாகச் செலுத்துவது, பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள நாரிழையில் ஊசி போடுவது போன்ற வழிகள் இருக்கின்றன. வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் நோயாளிக்கு இல்லை. கையைத் தூக்கினால் நிறுத்திவிட வேண்டும் என்று தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடைவாய்ப் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்கிறார்களே?

பதில்: போகாது. கீழ்ப் பற்களின் உணர்வைக் கொண்டுசெல்வது தாடை நரம்பு. பார்வைக்கு உரியது வேறொரு நரம்பு. இந்த அச்சத்தால் சீழ் வைத்த பல்லை ஆண்டுக்கணக்கில் வாயில் வைத்திருப்பதுதான் ஆபத்து.

கேள்வி: மகனுக்கு ஒன்பது வயது. கீழ் முதல் கடைவாய்ப் பல் பாதி கரைந்துவிட்டது. காப்பாற்றுவதா, எடுத்துவிடுவதா?

பதில்: காப்பாற்றும் வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்த வயதில் வேரின் நுனி முழுமையாக மூடியிருக்காது என்பதால், கூழின் கெட்ட பகுதியை மட்டும் நீக்கி, எம்டிஏ எனப்படும் பல் சிமென்ட் போன்ற மருந்தை வைத்து, மீதியை உயிருடன் காத்தால் வேர் தானாக வளர்ந்து முடியும். அதற்கும் வழியில்லாதபடி பல் சிதைந்திருந்தால், எடுப்பதற்கும் ஒரு காலம் உண்டு. பொதுவாக எட்டு முதல் பத்து வயதுக்குள், அடுத்த கடைவாய்ப் பல்லின் வேர்கள் பிரியத் தொடங்கும் கட்டத்தில் எடுத்தால், அந்தப் பல் முன்னே நகர்ந்து இடைவெளியை ஓரளவு அடைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. தாமதித்து எடுத்தால் அது பெரும்பாலும் சாய்ந்தே நிற்கும். ஆகவே முழுத்தாடை எக்ஸ்ரே எடுத்து, பல் சீரமைப்பு மருத்துவரின் கருத்தையும் கேட்ட பிறகே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: வேர் சிகிச்சை முடிந்து வலியே இல்லை. பல்லை உறைபோல் மூடும் கேப் கட்டாயமா?

பதில்: இந்தப் பல்லுக்குப் பெரும்பாலும் ஆம். மெல்லும் அழுத்தத்தின் பெரும்பங்கைத் தாங்குவது இதுதான். சொத்தையாலும் துளையிட்டதாலும் சுவர்கள் மெலிந்த பிறகு, ஒருநாள் வேர்வரை பிளந்துவிட்டால் எடுப்பதைத் தவிர வழியிராது. செலவுக்காகத் தள்ளிப்போட நேர்ந்தால், முகடுகளை மூடும்படியான ஃபில்லிங்காவது செய்துகொண்டு, கெட்டியானவற்றை அந்தப் பக்கம் கடிக்காதீர்கள்.

கேள்வி: தாடை வீங்கியிருக்கிறது. மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி மூன்று நாள் சாப்பிட்டால் போதுமா?

பதில்: போதாது. சீழின் ஊற்று வேருக்குள் இருக்கிறது. கூழ் இறந்த பல்லுக்குள் இரத்த ஓட்டம் இல்லாததால் மாத்திரை அங்கே சென்று சேராது. பல்லைத் திறந்து சீழை வெளியேற்றவோ, பல்லை எடுக்கவோ வேண்டும். காய்ச்சலுடன் வாய் திறக்க முடியாமை, விழுங்கச் சிரமம், நாக்கின் அடி உயர்தல், தாடைக்குக் கீழே கழுத்துவரை இறுகிய வீக்கம், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது இருந்தாலும், பல் மருத்துவமனை திறக்கும்வரை காத்திராமல் அருகிலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு இரவானாலும் உடனே செல்லுங்கள்.