‘ஒண்ணுமில்லக்கா’ என்கிற ஜூனியர்

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். முதலாண்டு மாணவிகள் எட்டுப் பேருக்கு என்னை வழிகாட்டியாகப் போட்டிருக்கிறார்கள். ஏழு பேர் நன்றாகப் பழகுகிறார்கள். ஒருத்தி மட்டும் வாயே திறப்பதில்லை. சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். அரசுப் பள்ளி, தமிழ்வழி. விடுதியில் இருக்கிறாள். “ஏதாவது பிரச்சினையா?” என்று எத்தனை முறை கேட்டாலும் “ஒண்ணுமில்லக்கா”தான். பிளஸ் டூவில் வேதியியலில் 91 வாங்கியவள், முதல் இன்டர்னலில் 50க்கு 12. கொஞ்சம் கண்டிப்பாகப் பேசிப் பார்க்கட்டுமா மேடம்?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: கண்டிப்பு வேண்டாம்மா. அவள் எதையும் ஒளிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கல்லூரிக்கு வந்த புதிதில் எது பிரச்சினை, எது எல்லோருக்கும் நடப்பது என்று பிரித்துப் பார்க்கவே தெரியாது. பிரச்சினையா என்று கேட்டால் பாவம், என்னவென்று சொல்வாள்?

முப்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனாலும் இதைத் தெரிந்துகொண்டது மாணவியாக இருந்தபோது. 1983-ல் நானும் தமிழ்வழியிலிருந்து கல்லூரிக்குள் நுழைந்தவள்தான். முதல் லேப், குளோரைடு கண்டுபிடிக்கும் சோதனை. நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்த உப்புக் கரைசலில் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். “பிரெசிபிடேட் வந்ததும் காட்டு” என்று சொல்லிவிட்டு ஆசிரியை அடுத்த மேசைக்குப் போய்விட்டார். சோதனைக் குழாயில் வெள்ளையாகத் திரண்டு நிற்கிறது. நான் வேறு ஏதோ வரப்போகிறது என்று இன்னும் விட்டுக்கொண்டே இருக்கிறேன். கை நடுங்குகிறது. பக்கத்துத் தொட்டியில் பிப்பெட் கழுவிக்கொண்டிருந்த இரண்டாமாண்டு அக்கா எட்டிப் பார்த்து, “வீழ்படிவுதான்டி அது. வந்தாச்சு, போய்க் காட்டு” என்றார். தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு! பிளஸ் டூவில் எத்தனை முறை எழுதிய வரி!

அன்று மாலையே அந்த அக்கா என்னை உட்கார வைத்து, நாற்பது பக்க நோட்டில் நடுவே கோடு போட்டார். ஒரு பக்கம் ஆக்சிஜனேற்றம், இன்னொரு பக்கம் ஆக்சிடேஷன். இணைதிறனுக்கு நேராக வேலன்சி. வினையூக்கிக்கு நேராக கேட்டலிஸ்ட். இரண்டு வாரத்தில் நோட்டு நிறைந்தது. என்னை அவர் ஒரு நாளும் பிரச்சினையா என்று கேட்டதில்லை.

உங்கள் ஜூனியரின் விடைத்தாளை வாங்கிப் பாருங்கள். விடை தப்பா, கேள்வியே புரியாமல் விட்டதா என்று தெரிந்துவிடும். விட்ட கேள்வியைத் தமிழில் கேட்டு, வாயால் பதில் சொல்லச் சொல்லுங்கள். மற்ற ஏழு பேர் முன்னால் வேண்டாம், தனியாக.

அப்புறம், சின்னச் சின்னதாகக் கேளுங்கள். காலையில் மெஸ்ஸில் யாரோடு உட்கார்ந்தாய்? ஊருக்கு எப்போது போனாய்? ரெக்கார்டு நோட்டு வாங்கியாச்சா? ரெக்கார்டு வாங்கக் காசில்லாமல் லேபுக்கே வராமல் இருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு; 2022-லிருந்து கொடுக்கிறார்கள். அவளுக்கு வருகிறதா? வரவில்லை என்றால் ஆபீஸில் இன்னாரைப் பார் என்று சொல்லி அனுப்பாமல் கூடவே போங்கள்.

கண்டிப்பு ஏன் கூடாது என்றால், சீனியர் குரல் உயர்ந்தாலே முதலாண்டுப் பெண்ணுக்கு வேறு பயம் வந்துவிடும். 1996-ல் ஒரு மருத்துவ மாணவர் சீனியரால் கொல்லப்பட்ட செய்தி வந்த நாட்களில், எங்கள் ஆசிரியர் அறையில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். அவளுக்கு இன்னும் தெரியாது.

ஒன்று மட்டும் கவனம். சாப்பாடு, தூக்கம் இல்லாமல் கிடக்கிறாள், வாழப் பிடிக்கவில்லை என்பதுபோல் பேசுகிறாள் என்றால், “யார்ட்டயும் சொல்லாதீங்கக்கா” என்று கெஞ்சினாலும் கேட்காதீர்கள். அன்றைக்கே வார்டனிடமோ துறை ஆசிரியையிடமோ சொல்லிவிடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும் எந்நேரமும் பேசலாம். தனியாக நீங்கள் சுமக்கக் கூடியதல்ல அது.

இப்போதைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். கோட்டை நீங்கள் போடுங்கள். முதல் பத்துச் சொல்லை அவள் எழுதட்டும்.