ரீயூனியன் தீவில் எரிமலைக்கு மேல் ஹெலிகாப்டர் சுற்று: எதை எடுப்பது, கொடுக்கிற காசுக்கு ஏற்றதா?

இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் எரிமலை பார்க்க இரண்டு முறை ஹெலிகாப்டரில் ஏறியிருக்கிறேன். முதல் முறை காசைக் கரியாக்கினேன். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறாததால்தான் இந்தப் பதில்.

கேட்டவர் "ஐந்து நாள், அப்பா அம்மாவுடன், எரிமலை பார்க்க வேண்டும்" என்று மட்டும் எழுதியிருக்கிறார். பாரிஸிலிருந்து போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். பிரான்ஸில் இருக்கும் எங்கள் பாண்டிச்சேரி ஆட்கள் பெரும்பாலும் அப்படித்தான் போகிறோம், பதினோரு மணி நேரம் உட்கார்ந்து. பெற்றோருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும் என்றும் நினைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்று: எரிமலை மட்டும் காட்டும் சுற்றை எடுக்காதீர்கள். எரிமலையின் பெயர் பித்தோன் த லா ஃபூர்னேஸ், உயரம் 2,632 மீட்டர். அதன் எதிரே பா த பெல்கோம்ப் என்ற விளிம்பு வரை காரிலேயே போகலாம். கட்டணம் கிடையாது. வழியில் செவ்வாய்க் கிரகம் மாதிரி ஒரு செம்மண் வெளியையும் கடப்பீர்கள். ஹெலிகாப்டருக்குக் கொடுக்கிற காசு உண்மையில் மாஃபாத் பள்ளத்துக்கும் த்ரூ த ஃபேர் அருவிகளுக்கும்தான். அவையும் எரிமலை செய்த நிலம்தான். எப்போதோ தூங்கிப்போன பித்தோன் தே நேஜ் என்ற 3,000 மீட்டர் கிழட்டு எரிமலை சரிந்தும் அரித்தும் உண்டான பள்ளங்கள். எரிமலை என்றால் சிவப்புக் குழம்பு என்று நினைத்துக்கொண்டு ஏறுகிறவர்கள் ஏமாறுவார்கள். ஃபூர்னேஸ் அடிக்கடி வெடிக்கும், ஆனால் பெரும்பாலும் சில நாளோ சில வாரமோதான். 2023இல் ஜூலை 2 அன்று தொடங்கி ஆகஸ்ட் 10 அன்று அடங்கியது. நாங்கள் இரண்டாவது முறை போனது அதே வருஷம் அக்டோபரில். நம் வசதிக்கு அது வெடிக்காது.

இப்போது என் கதை. 2019இல் நான், மனைவி, மச்சான் மூவரும் போனோம். தீவு முழுவதும் காட்டும் பெரிய சுற்று, ஆளுக்கு முந்நூறு யூரோவுக்கு மேல். முதல் பறப்பு காலை ஆறரைக்கு. "லீவுல வந்தும் நாலு மணிக்கு எழுந்திருக்கணுமா மாமா?" என்றான் மச்சான். சரி என்று பத்து மணிக்கு மாற்றினேன். அதுவும் கடைசி நாள், அன்று ராத்திரி பாரிஸுக்குத் திரும்ப வேண்டும். இரண்டு தப்பையும் ஒரே போனில் செய்தேன்.

அந்தத் தீவில் விடியும்போது மலை துடைத்துவைத்த மாதிரி இருக்கும். வெயில் ஏற ஏறக் கடல் ஈரம் சரிவு வழியாக மேலே ஏறி, ஒன்பது பத்து மணிக்குள் மேகம் மூடிவிடும். கிழக்குப் பக்கம் இன்னும் மோசம். 2007 பிப்ரவரியில் ஒரு புயலின்போது எரிமலைக்குப் பக்கத்தில் மூன்றே நாளில் 3,900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது, உலகச் சாதனை. பாண்டிச்சேரிக்கு அது மூன்று வருஷத்து மழை.

அன்று மாஃபாத்தில் பாதி தெரிந்தது. அப்புறம் ஜன்னலுக்கு வெளியே பஞ்சு மெத்தைதான். பைலட் ஹெட்செட்டில் "தெசோலே" (மன்னிக்கணும்) என்று சொல்லித் திருப்பிக்கொண்டார். அவர் செய்தது சரி, மேகத்துக்குள் நுழைந்து மலையில் மோதாமல் வந்ததற்கு நன்றி. என் கோபம் கவுண்டர் மேல்தான். எரிமலைப் பக்கம் மூடிவிட்டது என்று எங்களுக்கு முன் இறங்கியவர்களே சொல்லிக்கொண்டு போனார்கள். கவுண்டரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பணம் கேட்டதற்கு நிபந்தனைத் தாளை நீட்டினார்கள்: பறந்துவிட்டால் பறந்ததுதான். தாளைப் படிக்காதது என் தப்பு என்று யாராவது கீழே எழுத வருவீர்கள். ஆமாம், என் தப்புதான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

2023இல் அப்பா அம்மாவைக் கூட்டிப்போனபோது சுற்றைத் தேர்ந்தெடுக்கும் முன் நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தேன். இறங்கிய மறுநாள், காலை முதல் பறப்பு. மேகம் மூடினால் அடுத்த நாளுக்குத் தள்ள இடம் இருக்க வேண்டும். ஐந்தே நாள் போகும் உங்களுக்கு இது இன்னும் முக்கியம். புக் பண்ணும்போது கேட்க வேண்டியது ஒன்றே: பாதியில் திரும்பினால் என்ன தருவீர்கள்? நேராகப் பதில் சொல்கிறவரிடம் போங்கள், இருபது யூரோ கூட இருந்தாலும். எங்கிருந்து ஏறுவது என்பதற்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். மேற்கே சேன் ழீல் மாஃபாத்துக்குக் கிட்டே, தெற்கே சேன் பியேர் எரிமலைக்குக் கிட்டே. தங்குமிடத்துக்குப் பக்கத்தில் இருப்பதை எடுங்கள். பெரியவர்களை இருட்டில் மலைச்சாலையில் குலுக்கிக்கொண்டு போனால் ஏறும் முன்பே வாந்திதான்.

ஏறும் முன் எல்லோரையும் தராசில் நிறுத்துவார்கள். எங்கள் அம்மா கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறினார். எடை போட்ட பெண் சிரித்துக்கொண்டே பையையும் வாங்கிச் சேர்த்து வைத்தாள். 51 கிலோ. எடையைப் பார்த்துத்தான் இருக்கை, நாம் கேட்டு வாங்க முடியாது. பைலட் பக்கத்து இருக்கை அம்மாவுக்குப் போனது, பின்வரிசை நடு இருக்கை அப்பாவுக்கு. அவர் முகம் போன போக்கு! இருக்கைக்காகச் சண்டை வரும் குடும்பம் என்றால் இதை முன்னாலேயே சொல்லிவையுங்கள். இன்னொன்று, கறுப்புச் சட்டை போடச் சொல்லுங்கள். அப்பா வெள்ளைச் சட்டையில் வந்தார். எடுத்த நூற்றுச் சொச்சம் படத்திலும் ஜன்னல் கண்ணாடியில் பட்டு, எரிமலைக்கு நடுவில் அவர் சட்டைப் பொத்தான்கள் தெரிகின்றன.

மாஃபாத்தின் விளிம்பை நெருங்கும்போது ஹெலிகாப்டர் புதர்களை உரசுகிற மாதிரி தாழப் போகும். அதன் நிழல் செடிகளின் மேல் கூடவே ஓடி வரும். திடீரென்று நிழலைக் காணோம். கீழே தரையே இல்லை, ஆயிரம் மீட்டர் பள்ளம். அம்மா பைலட்டின் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பள்ளத்துக்குள் சாலையே கிடையாது. சில நூறு பேர் வாழ்கிறார்கள், நடந்துதான் போகவர வேண்டும், சாமான்கூட ஹெலிகாப்டரில்தான் இறங்கும். பள்ளத்தின் விளிம்பிலுள்ள மய்தோ முனைக்குக் காரில் போனாலும் மாஃபாத் தெரியுமே என்பீர்கள். தெரியும், ஒரு பக்கம். த்ரூ த ஃபேர் அப்படியில்லை. காட்டுச் சேற்றில் போகவர மூன்று மணி நேரத்துக்கு மேல் நடந்தாலும் எதிர்முனையிலிருந்துதான் பார்க்க முடியும். எங்கள் பைலட் சுவர்களுக்கு நடுவே இறக்கி, அருவிக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினார்.

எரிமலை கடைசியில் வந்தது. உச்சிக் குழியின் அடித்தளம் 2007 ஏப்ரலில் 300 மீட்டருக்கு மேல் உள்ளே சரிந்ததாம். மேலிருந்து பார்த்தால் யாரோ கட்டைவிரலால் அழுத்தின மாதிரி இருக்கிறது. நடந்து போய் விளிம்பில் நின்றுவிட்டுத் திரும்ப ஐந்து மணி நேரம் ஆகும், என் அப்பாவின் முழங்காலுக்கு நடக்காத காரியம். அதனால் எரிமலையை விட்டுவிடச் சொல்லவில்லை, அதை மட்டும் எடுக்காதீர்கள் என்கிறேன். பழைய குழம்பு சாம்பல் நிறம், புதியது அதன் மேல் நேற்றுப் போட்ட தார் மாதிரி. அவ்வளவுதான், சிவப்பு இல்லை. "அடுப்பு அணைஞ்சிடுச்சா?" என்றார் அம்மா.

இன்னொரு பதிலில் ஒருவர், "அங்கேதான் தமிழர்கள் இருக்கிறார்களே, தமிழிலேயே புக் பண்ணலாம், ஆனால் பேரில் மட்டும்தான் தமிழ்" என்று சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார். 2019இல் என் மச்சானும் இதையே கோயில் வாசலில் நின்று சொன்னான். பூசாரி அந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பதில் சொன்னாராம், இவனுக்குச் சிரிப்பு. 1848இல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலுக்கும் போய்க்கொண்டு காவடியையும் தீமிதியையும் விடாமல் பிடித்திருக்கிறார்கள். பாரிஸில் பிறந்த என் பெண்ணுக்கு 'ழ' வராது, தீமிதி என்றால் கூகுளில் தேடுவாள். யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது? சரி, எங்கேயோ போய்விட்டேன்.

கம்பெனிப் பெயர் கேட்டுத் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம். எனக்கு யாரும் கமிஷன் தரவில்லை, தருவதாகவும் தெரியவில்லை. "முந்நூறு யூரோவில் ஊரில் ஒரு குடும்பம் ஒரு மாதம் சாப்பிடும்" என்பவர்களுக்கும் பதில் இல்லை, சாப்பிடும்தான்.

2023இல் பறந்த மறுநாள் காரில் சலாஸி பள்ளத்துக்குப் போனோம். ஊரெங்கும் பந்தல் பந்தலாகச் சௌசௌ. அங்கே ஷூஷூ என்கிறார்கள். அம்மா இரண்டு கிலோ வாங்கிவந்து வாடகை வீட்டு அடுப்பில் கூட்டு வைத்தார். ஊருக்குப் போனதும் அக்கம்பக்கத்தில் ஹெலிகாப்டர் பற்றிக் கேட்டவர்களிடம் மாஃபாத்தும் சொல்லவில்லை, அருவியும் சொல்லவில்லை. "மூட்டை மாதிரி எடை போட்டான்டி, ஹேண்ட்பேகோட" என்றுதான் இன்றுவரை ஆரம்பிக்கிறார்.